எட்டேகாலுக்குப் போகவேண்டிய மெயில்

எங்கள் ஆபீசில் மட்டும் இன்டர்நெட் நிற்கவே நிற்காது என்று ஒரு காலத்தில் கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற ஃபாதரிடமும் சொன்னேன். "கடவுளுக்கு நன்றி" என்றார் அவர். கடவுளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், எல்லாம் என் ஏற்பாடு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஆபீஸ் என்றதும் கண்ணாடிக் கதவையும் ஏசியையும் கற்பனை செய்ய வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் என் கூட்டாளியின் வீட்டு மாடியில் ஓர் அறை. இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், வருகிறவர்கள் உட்கார மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் என்று தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் பெயர்த்து, சரிதான் என்று சீல் குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். வெளிநாடு போகிறவர்களுக்கு இது வேண்டும். திருச்சியில் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாடு போய்க்கொண்டிருப்பதால் எங்களுக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை.

கூட்டாளியும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. அவன் ஸ்ரீரங்கத்துக்காரன், கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவன். பஞ்சாங்கத்தைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டான். நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஒரு போல்ட் கழன்றால் பக்கத்து போல்ட் தாங்க வேண்டும் என்று சாப்பாட்டு வேளையில்கூடப் பாடம் நடத்துவார். இருபது வருடம் ஆங்கில வாத்தியார் வேலை பார்த்துவிட்டு நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது அந்தப் பாடம் மட்டும் கூடவே வந்துவிட்டது. ஆக, ஆபீசில் பெருமாள் இலாகா அவனுடையது, போல்ட் இலாகா என்னுடையது.

எங்கள் தொழிலில் மெயில்தான் உயிர். காகிதத்தை வாடிக்கையாளர் கையில் கொடுத்து அவரே அனுப்பிக்கொள்ளட்டும் என்று விட முடியாது. நடுவில் யாராவது பிறந்த வருடத்தைத் திருத்திவிடுவார்கள் என்று வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்காரர்களுக்குச் சந்தேகம். மொழிபெயர்த்தவரின் சொந்த முகவரியிலிருந்து நேராக வந்தால்தான் ஏற்பார்கள். அதற்காகவே எங்கள் ஆபீஸ் பெயரில் தனி மெயில் முகவரி வாங்கி வைத்திருந்தேன். ஓசி முகவரியில் தொழில் செய்கிறவர்களைப் பார்த்தால் அப்போதெல்லாம் எனக்கு இரக்கமாக இருக்கும்.

ஸ்ரீரங்கத்தில் நெட் நிற்பதற்குக் காரணம் ஒன்றா இரண்டா? சாக்கடைக்குத் தோண்டுவார்கள். அதை மூடியதும் குடிதண்ணீருக்குத் தோண்டுவார்கள். இரண்டு இலாகாவும் ஒரே நாளில் தோண்டினால் ஒரே பள்ளத்தில் வேலை முடிந்துவிடும் என்பதால் அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வார்கள். குரங்கு கேபிளில் ஊஞ்சலாடும். கோடை மழைக்கு முந்தின காற்று ஒரு பேனரைத் தூக்கிவந்து கம்பத்தில் மாட்டிவிடும். கம்பெனிக்குப் போன் போட்டால் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு பெண் குரல் அரைமணி நேரம் சொல்லும்.

ஒரு தடவை இப்படி இரண்டு நாள் மெயில் நின்றது. அதற்குப் பிறகுதான் நான் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு கம்பெனியின் லைன் இருந்தது. போட்டிக் கம்பெனியிடம் இன்னொரு லைன் எடுத்தேன். இரண்டும் போனால் இருக்கட்டும் என்று சிம் போட்ட டாங்கிள் ஒன்று. கரண்ட் போனால் முக்கால்மணி நேரம் தாங்குகிற யூ.பி.எஸ். மெயிலின் பாஸ்வேர்டை இருபத்திரண்டு எழுத்தில், எண்ணும் குறியுமாக, சாத்தானே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாதபடி வைத்தேன். "ராமஜெயம்னு வெச்சா என்னடா? மறக்காது" என்றான் கூட்டாளி. நான் சிரித்தேன். என் பாஸ்வேர்டை நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை, கம்ப்யூட்டரே வைத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். அதை வேறு எங்கேயும் எழுதி வைக்கவுமில்லை. எழுதி வைப்பது பாதுகாப்பில்லையாம், எங்கேயோ படித்திருந்தேன்.

இவ்வளவு கெட்டிக்காரனுக்கு ஒரு சின்ன விஷயம் ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டு கம்பெனிக்கும் லைன் ஒரே கம்பத்திலிருந்துதான் வந்தது. ரிப்பேர் பார்க்க ஏறுகிறவரும் ஒரே ஆள். திங்கள் செவ்வாய் அந்தக் கம்பெனிச் சட்டை, புதன் வியாழன் இந்தக் கம்பெனிச் சட்டை. "ரெண்டு லைன் எதுக்கு சார் எடுத்தீங்க?" என்று அவரே மேலேயிருந்து அனுதாபமாகக் கேட்டார். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்றேன். "போனா ரெண்டும்தான் சார் போகும்" என்றார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். டாங்கிள் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நர்ஸ் வந்தார். தென்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. என்னைப் போலக் கிறிஸ்தவப் பெண்தான். பாஸ்கா முடிந்த வாரம் என்பதால் வந்ததும் ஈஸ்டர் வாழ்த்துச் சொன்னார். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சி அவரைத் தேர்வு செய்துவிட்டிருந்தது. எல்லா காகிதமும் போய்விட்ட பிறகு, பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் ஆங்கிலத்தில் வேண்டும் என்று கடைசி நேரத்தில் கேட்டிருந்தார்கள். நாலாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் எங்கள் முகவரியிலிருந்து அவர்களுக்கு மெயில் போய்ச் சேர வேண்டும். பன்னிரண்டு அடித்ததும் பட்டியலை மூடி அயர்லாந்துக்கு அனுப்பிவிடுவார்களாம்.

"அடுத்த பட்டியல் எப்போம்மா?" என்று கேட்டேன்.

"ஆறு மாசம் ஆகும் சார். எனக்கு வர்ற மாசம் முப்பத்தஞ்சு முடியுது. அதுக்கு மேல அவங்க எடுக்கிறதில்ல." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "பதிமூணு வருஷமா அதே வார்டு சார். மூணு தடவை இங்கிலீஷ் பரீட்சை எழுதி இப்பதான் பாஸ் பண்ணினேன். பாப்பாவை அம்மாகிட்ட விட்டுட்டு ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டா அவளையும் கூட்டிக்கலாம்."

"கவலையே படாதீங்க. எங்க ஆபீஸ்ல நெட் நிக்கிற பேச்சே கிடையாது" என்றேன் நான். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதில் அப்போதெல்லாம் என்னை மிஞ்ச ஆளில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை முடிந்தது. கூட்டாளி ஒரு தடவை, நான் ஒரு தடவை சரிபார்த்தோம். ஒரு புள்ளி தவறில்லை. சீல் குத்திக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்தோம். நெட் அன்றைக்கு ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மெயிலைத் தயார் செய்து அனுப்பப் போனேன்.

"இருடா" என்றான் கூட்டாளி. "இன்னிக்குக் கரிநாள்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான். கடல் தாண்டிப் போற காரியம். கரிநாள்ல அனுப்பப்படாது. நாளைக்கு ரேவதி, திருத்தேர். பெருமாள் தேர்ல ஏறி வீதிக்கு வர்ற நாள். காலம்பற எட்டேகாலுக்கு நல்ல வேளை. அப்போ போகட்டும். பன்னெண்டு மணி வரைக்கும் டைம் இருக்கோன்னோ?"

எனக்குக் கரிநாளிலும் நம்பிக்கையில்லை, ராகுகாலத்திலும் நம்பிக்கையில்லை. அந்தப் பெண்ணுக்கும் இருக்க நியாயமில்லை. அப்படியென்றால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? போடா என்று சொல்லிவிட்டு பட்டனைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. நாளைக்குத் தேர் என்பதால் ஆபீஸ் லீவு. அவன் வடம் பிடிக்கப் போய்விடுவான், நான் காட்டூரில் வீட்டில் படுத்திருப்பேன். இருந்தும் எட்டேகாலுக்கு யாரும் தொடாமலே மெயில் தானாகப் போகும், பார்க்கிறாயா என்று அவனுக்கு வித்தை காட்டத் தோன்றியது. எங்கள் மெயில் புரோகிராமில் நேரம் குறித்து வைக்கிற வசதி இருந்தது. குறித்தேன். "கலிகாலத்துல இதுவும் ஒரு கைங்கர்யம்தான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். கம்ப்யூட்டரை அணைக்காமல் விட்டுவிட்டு இருவரும் மாடியிறங்கினோம்.

இந்த இடத்தில் தேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சித்திரைத் தேர் நாலு சித்திரை வீதிகளையும் சுற்றிவரும். அது எவ்வளவு உயரம் என்று ஸ்ரீரங்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அது வருவதற்காக விடியற்காலையிலேயே அந்த வீதிகளில் கரண்டை நிறுத்துவார்கள். குறுக்கே போகிற கேபிளையெல்லாம் கழற்றிச் சுருட்டிக் கம்பத்தில் மாட்டுவார்கள். கழற்ற நேரமில்லாததை அறுத்துவிடுவார்கள். என் கூட்டாளி நாற்பது வருடமாக வடம் பிடிக்கிறவன். தேரன்று டிவி வராது என்று அவனுக்குத் தெரியும். டிவி வருகிற கேபிளில்தான் மெயிலும் போகிறது என்பது மட்டும் தோன்றவில்லை. எனக்கு? எனக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு ஆபீஸ் லீவு என்பதால், அன்றைக்கு எங்களுக்கு நெட் இருந்ததே இல்லை என்கிற விஷயமே எங்களுக்குத் தெரிந்ததில்லை. கரண்டும் இல்லாமல், கேபிளும் இல்லாமல், சுப முகூர்த்தத்தில் மெயில் போகும் என்று இரண்டு பட்டதாரிகள் நிம்மதியாகத் தூங்கினோம்.

காலை ஒன்பது மணிக்கு நர்ஸ் போன் செய்தார். "சார், இன்னும் மெயில் வரலைங்கிறாங்க."

"எட்டேகாலுக்கே போயிருக்கும்மா. ஸ்பாம்ல கிடக்கும், பாக்கச் சொல்லுங்க" என்றேன். நம் மேல் தப்பு இருக்க வாய்ப்பே இல்லாதபோது சொல்வதற்கென்றே ஸ்பாம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

ஒன்பதரைக்கு மறுபடி போன். ஸ்பாமிலும் இல்லை. அப்போது டிவியில் தேரை நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வடக்குச் சித்திரை வீதியில் தேர் திரும்புகிறது. எங்கள் ஆபீஸ் வாசல் தெரிந்தது. வாசலுக்கு மேலே எப்போதும் சிலந்திவலை மாதிரி பின்னிக்கிடக்கிற கேபிள் ஒன்றுகூட இல்லை. வானம் பளிச்சென்று இருந்தது. 

கூட்டாளிக்குப் போன் போட்டேன். எல்லா லைனும் பிசி. லட்சம் பேர் ஒரே இடத்தில் நின்று தேரைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தால் டவர் என்ன செய்யும், பாவம். அதாவது என்னுடைய மூன்றாவது போல்ட்டான டாங்கிளும் கழன்றுவிட்டது என்று அர்த்தம். நானே போனாலொழிய வேறு வழியில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். நர்ஸும் நைட் டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு கிளம்பிவிட்டிருந்தார். காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச்சாலையில் போலீஸ் வண்டிகளை நிறுத்தியிருந்த இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். மணி பத்தேகால்.

அங்கிருந்து நடை. நடை என்று சொல்வது மரியாதைக்கு. எதிரே தேர் பார்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டம், கூடவே தேர் பார்க்கப் போகிற கூட்டம். பத்தடிக்கு ஒருவர் நீர்மோர் கொடுத்தார். வேண்டாம் என்றால் விடவில்லை. இரண்டு டம்ளர் குடித்த பிறகுதான் வழிவிட்டார்கள். நர்ஸ் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளிப் பழகியவர் என்பதால் கூட்டத்தில் வழி உண்டாக்கத் தெரிந்திருந்தது.

ஆபீசுக்குள் நுழைந்தபோது பதினொன்றை நெருங்கிவிட்டது. யூ.பி.எஸ். விடியற்காலையிலேயே தன் முக்கால்மணி நேரக் கடமையை முடித்துவிட்டு மூச்சை விட்டிருந்தது. கம்ப்யூட்டர் இருண்டு கிடந்தது. டாங்கிளில் சிவப்பு விளக்குகூட எரியவில்லை.

"பேப்பர் இருக்குல்ல சார்? ஃபோட்டோ எடுத்து வெளிய போய் உங்க மெயில்லேருந்து அனுப்பிரலாமே" என்றார் நர்ஸ்.

நல்ல யோசனைதான். அதற்கு என் போனில் ஆபீஸ் மெயில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு எழுத்தில் முதல் நாலு எனக்கு நினைவிருந்தது. மீதி பதினெட்டும் செத்துக்கிடந்த அந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. சாத்தானுக்குப் பயந்து வைத்த பூட்டு, வீட்டுக்காரனைத்தான் வெளியே நிறுத்தியது.

"அப்ப பெட்டியையே தூக்குங்க சார்" என்றார் அவர்.

ஒயரையெல்லாம் பிடுங்கி, கூட்டாளியின் அங்கவஸ்திரம் ஒன்று கொடியில் கிடந்ததை எடுத்து, சி.பி.யு.வை அதில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டேன். நர்ஸ் மேசையில் கையெழுத்துப் போட்ட காகிதங்கள் இருந்த கவரை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். ஜரிகைக்கரை அங்கவஸ்திரத்தில் சுற்றிய கனமான பொருளைச் சுமந்துகொண்டு, வியர்க்க விறுவிறுக்க ஒருவன் ஓடிவந்தால் தேரன்று ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ஒதுங்கி வழிவிட்டார்கள். இரண்டு கிழவிகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு போலீஸ்காரர் மட்டும் கும்பிடவில்லை. நிறுத்தி, அவிழ்க்கச் சொன்னார். உள்ளே கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

"தேர் அன்னைக்கு கம்ப்யூட்டர் எதுக்குங்க?"

"மெயில் அனுப்பணும் சார்."

"அதை உக்காந்த இடத்துலேயே அனுப்பலாமே."

இதைவிடச் சரியான கேள்வியை அந்த நாலு நாளில் யாரும் கேட்கவில்லை. நர்ஸ் முன்னால் வந்து, அயர்லாந்து, பன்னிரண்டு மணி, தன் வயது என்று மூன்று வாக்கியத்தில் சொன்னார். போலீஸ்காரர் விட்டுவிட்டார். அதற்குள் எட்டு நிமிடம் போயிருந்தது.

மாம்பழச்சாலையில் கரண்டும் நெட்டும் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையைக் கண்டுபிடித்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கடைக்கார அம்மா, நர்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் தன் மானிட்டரைக் கழற்றிக் கொடுத்தார். சொருகினேன். பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. திரையில் எழுத்து வந்தது: சரியாக அணைக்கப்படவில்லை, சோதனை நடக்கிறது, காத்திருக்கவும். பத்து சதம். பதினொரு சதம்.

நர்ஸ் ஏஜென்சியோடு போனில் பேசிக்கொண்டே இருந்தார். "இதோ சார், அஞ்சு நிமிஷம் சார், கம்ப்யூட்டர் ஆன் ஆயிட்டிருக்கு சார்." சோதனை முடிந்ததும், அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று வந்தது. தெருவில் லாரி வந்து மோதினாலும் அப்டேட் முடியாமல் நகராது அந்தப் பெட்டி. அது ஒழுங்கைக் கடைப்பிடித்தது. எங்கள் கூட்டத்தில் ஒழுங்காக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

மெயில் புரோகிராம் திறந்தபோது பன்னிரண்டு அடித்து ஆறு நிமிடம். எட்டேகாலுக்கு என்று குறித்து வைத்திருந்த மெயில், நேரம் கடந்துவிட்டதால் நான் தொடாமலே, தானாகவே போயிற்று. வித்தை என்னவோ சொன்னபடி பலித்துவிட்டது.

நர்ஸ் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "மெயில் வந்திருச்சு சிஸ்டர்" என்றது எதிர்க்குரல். "ஆனா பட்டியல் பன்னெண்டுக்கே போயிருச்சு. நான் ஒண்ணும் பண்ண முடியாது. சாரி சிஸ்டர்." கெட்ட மனிதராகத் தெரியவில்லை. ஆறு நிமிடத்துக்கு அவர் என்ன செய்வார்?

நர்ஸ் போனைப் பைக்குள் வைத்தார்.  அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பிறகு என் பக்கம் திரும்பி, "எப்படி சார் இப்படி ஆச்சு?" என்று கேட்டார். அதட்டலாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"காலையிலதான் வேலையை முடிச்சு எட்டேகாலுக்கு அனுப்பினோம்மா. அதுக்குள்ள தேருக்குன்னு கேபிளை அறுத்துட்டாங்க" என்றேன். வாய் கூசாமல் வந்தது. அன்று காலை நான் காட்டூரில் பனியனோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தலையாட்டினார். "பரவால்ல சார். இவ்வளவு தூரம் தூக்கிட்டு ஓடி வந்தீங்களே" என்றார். கடைக்கார அம்மா இருவருக்கும் தண்ணீர் கொடுத்தார். நர்ஸ் காகிதக் கவரோடு தன் வண்டியை எடுக்கப் போனார்.

சாயங்காலம் கூட்டாளியைப் பார்த்தேன். வடம் பிடித்து இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். எல்லாம் அவன் செயல் என்று சொல்வான், சொன்னால் நன்றாகக் கத்தலாம் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. 

"நான்தானேடா இருன்னு சொன்னேன்" என்றான்.

"நான்தானே இருந்தேன்" என்றேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னே?"

"கேபிள்னு சொல்லிட்டேன்."

"உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

"நீ போய்ச் சொல்லு."

அவன் போகவில்லை. நானும் போகவில்லை. அடுத்தவர் காரியத்துக்கு அவன் பஞ்சாங்கம் பார்ப்பதை மட்டும் அன்றோடு விட்டான்.

அதற்குப் பிறகு எங்கள் ஆபீசில் நடந்த சீர்திருத்தங்களைப் பார்த்தால் மெச்சிக்கொள்வீர்கள். பாஸ்வேர்டு இப்போது காகிதத்தில் எழுதி அவன் வீட்டு பீரோவில் ஒன்று, என் வீட்டு பீரோவில் ஒன்று. இரண்டு பேர் போனிலும் ஆபீஸ் மெயில். கம்ப்யூட்டர் போய் லேப்டாப் வந்தது. இரண்டாவது லைனைப் பின்பக்கத் தெருவிலிருந்து வேறு கம்பம் வழியாக இழுத்தோம். ஒரு மெயில் போய்ச் சேர்ந்ததா என்று பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். எல்லாவற்றுக்கும் மேலே, முடிந்த வேலை முடிந்த நிமிடமே போய்விடும். இந்தக் கடைசி ஏற்பாட்டுக்குச் செலவே கிடையாது. அதனால்தானோ என்னவோ எனக்கு அது கடைசியாகத் தோன்றியது.

இதில் நான் எதிர்பார்க்காதது, தென்னூரிலிருந்து நர்ஸுகள் வரத் தொடங்கியதுதான். மாதம் இரண்டு பேர், மூன்று பேர். "சிஸ்டர் அனுப்பினாங்க சார்" என்பார்கள். எல்லாரும் ஒரே ரகம். வேலை முடிந்ததும் நீங்கள் போகலாம் என்றால் போக மாட்டார்கள். மெயில் போகிறவரை நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்ப்பார்கள். நம் வேலையைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்து விளக்கமெல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்தச் சிஸ்டர் பெயரைச் சொல்லி ஒவ்வொருத்தி வரும்போதும் நான் குனிந்து ஸ்கேனரைத் துடைப்பேன். நான் நாசமாக்கிய ஆள், எனக்கே ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு தடவையாவது போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அடுத்த வேலை வந்துவிடும்.

இரண்டு வருடம் கழித்து, போன ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் இறங்கவில்லை. தென்னூர் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ட்ரேயோடு வந்தவர் அந்த நர்ஸ். அதே வார்டு. பதினைந்தாவது வருடம். காதோரம் கொஞ்சம் நரைத்திருந்தது.

"சார், நீங்களா?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து என் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ரப்பர் பட்டையைக் கட்டினார். மகள் ஒன்பதாம் வகுப்பு என்றார். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றார்.

காய்ச்சல் சூட்டில் தைரியம் வந்ததா, இனிமேலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியாது என்று தோன்றியதா, தெரியவில்லை. சொல்லிவிட்டேன். "சிஸ்டர், அன்னைக்கு நான் சொன்னது பொய். உங்க பேப்பர் முந்தின நாள் சாயங்காலமே ரெடி. நெட் நல்லா இருந்துச்சு. அனுப்பியிருக்கலாம். நல்ல நேரம் பாத்து வெச்சிருந்தோம்."

அவர் நரம்பைத் தேடித் தட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நல்ல நேரம் பாத்ததுதான் தெரியாது. முந்தின நாளே ரெடின்னு தெரியும் சார்."

"எப்படி?"

"கையெழுத்துக்குக் கீழ தேதி போட்டிருந்தீங்களே. அன்னைக்கு வீட்டுக்குப் போய்க் கவரைப் பிரிச்சுப் பாத்தேன்."

 "அப்புறம் ஏன் வந்து கேக்கல?" என்றேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"இத்தனை பேரை வேற எங்ககிட்ட அனுப்புனீங்களே?"

"உங்க இங்கிலீஷ்ல தப்பு இருக்காது சார். அதுக்காக அனுப்புறதுதான்." ஊசியின் மூடியைக் கழற்றினார். "ஆனா ஒண்ணு சொல்லித்தான் அனுப்புவேன். மெயில் போறதைக் கண்ணால பாக்காம நாற்காலியை விட்டு எந்திரிக்காதீங்கடின்னு."

ஊசி இறங்கியது. நரம்பு கிடைக்கவில்லை. வெளியே எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினார்.

"இந்தக் கையில சரியா வரல. அந்தக் கையைக் குடுங்க சார்" என்றார்.

கொடுத்தேன்.